ஈரங்கொல்லியர்

உணவும் உடையும் உறையுளும் மக்கட்கு இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. அவற்றுள் உணவை விளைப்போர் வரலாறும், உறையுளை எடுப்போர் வரலாறும், ஆடையை நெய்வோர் வரலாறும் பலவாறாக எழுதப்பட்டுள்ளன. நெய்த ஆடையை மீண்டும் மீண்டும் உடுத்தற்கு உரியதாக்கித் தந்தோர் வரலாறோ எழுதுவாரின்றிக் கிடக்கின்றது. ஓராடை தறியில் இருப்பது சில நாள். வெளுப்போர் கையில் அது வந்து வந்து செல்வது தன் ஆயுள் முழுதும். இதனை எண்ணிப் பார்ப்பார் சிலரே.

இற்றைநாளில் திண்டிவனத்திலாயினும் விழுப்புரத்திலாயினும் ஒரு தெருவிற் புகுந்து அண்ணாந்து நோக்கினால், மாடிதோறும் கொடி கட்டி ஆடை உலர்த்தியிருத்தலைக் காணலாம். வெளுத்தலும் உலர்த்தலும் இன்று இல்லத்து வேலைகளாகிவிட்டன. "துணியைப் பொறியில் இட்டுப் பொத்தானை அழுத்தினால் ஆயிற்று, இதில் என்ன தொழில் இருக்கின்றது?" என்று எம் மாணாக்கர் வினவுவர். அவருட் சிலர் நம் குலத்துப் பிள்ளைகள். தம் பாட்டனும் பாட்டியும் செய்த தொழில் இன்னதென்று அவருட் பலர் அறியார். அறிந்தோரும் பிறர்முன் சொல்ல நாணுவர். அந்நாணம் வேண்டுவதன்று என்று காட்டுதற்பொருட்டும், நாம் மெய்யாகவே நாண வேண்டுவது வேறொன்று உண்டென்று நினைவூட்டுதற்பொருட்டும் இதனை எழுதத் துணிந்தோம்.

பெயர்களும் அவற்றின் பொருளும்

நம்மைக் குறிக்கும் பெயர்கள் தமிழிற் பல. வண்ணார், ஏகாலியர், தூசர், காழியர், ஈரங்கொல்லியர் என்று பழைய நிகண்டுகள் அடுக்கிக் கூறும். தூசு என்பது ஆடை. ஆகலின் தூசர் என்பது ஆடைக்குரியார் எனப் பொருள்படும். வண்ணார் என்னும் பெயரை வண்ணம் என்னும் சொல்லோடு பொருத்திக் காட்டுவர். வடமொழியில் நம்மைக் குறிக்கும் ரஜகர் என்னும் பெயரும் நிறமூட்டுதலைக் குறிக்கும் அடியினின்றே பிறந்தது. வெளுத்தலும் நிறமூட்டலும் ஒரு காலத்தில் அணுக்கமான தொழில்களாக எண்ணப்பட்டமைக்கு இவை சான்றாகும்.

இப்பெயர்கள் எல்லாவற்றினும் எம் உள்ளத்தைக் கவர்வது ஈரங்கொல்லியர் என்பதே. ஈரத்தைக் கொல்பவர் என்பது அதன் பொருள். அழுக்கை நீக்குபவர் என்று பெயரிடாது, ஈரத்தை நீக்குபவர் என்று ஏன் பெயரிட்டனர்? தொழிலின் அருமையை உணர்ந்தோரே அங்ஙனம் பெயரிட்டிருத்தல் வேண்டும். அழுக்கை நீக்குதல் மனிதன் கையில் உள்ளது. உவரும் நீரும் கல்லும் தோள்வலியும் இருப்பின் அது முடியும். ஈரத்தை நீக்குதலோ வானத்தின் கையில் உள்ளது. ஐப்பசி கார்த்திகையில் வடகீழ்க்காற்று மழை கொண்டுவரும் நம் பகுதியில், வெளுத்த துணியை உரிய நாளில் உலர்த்திக் கொடுத்தல் எத்துணைத் துன்பம் என்பதை அத்தொழில் செய்தாரே அறிவர்.

பழந்தமிழ் நூல்களிற் காணப்படுவன

சங்க நூல்களில் ஆடை வெளுப்பவள் புலைத்தி என்னும் பெயரால் வருகின்றாள். அச்சொற்கு வண்ணாத்தி என்றே உரைகாரர் பொருள் கூறினர். அப்பெயரில் இழிவுக் குறிப்பு அன்றே ஏறியிருந்தது என்பதை மறைத்தல் வேண்டா. ஆயினும் புலவர் அவள் தொழிலைக் கூர்ந்து நோக்கினர் என்பதும் மறுக்கவொண்ணாது.

புறநானூற்றின் 311ஆம் பாட்டில் ஔவையார் ஒரு வீரனைப் பாடுமிடத்து, அவன் உடுத்த தூய வெள்ளாடையைப் புலைத்தி நாள்தோறும் வெளுத்தாள் என்றும், அதற்கெனக் களர்நிலத்திற் கிணறு தோண்டினாள் என்றும் குறிக்கின்றார். நல்ல நீர் இருக்கக் களர்நிலத்து நீரை ஏன் நாட வேண்டும்? களர்நிலத்து மண்ணிலும் நீரிலும் காரமான உப்புக்கள் கலந்துள்ளன. இக்காலத்து இரசாயன நூலார் சோடா உப்பு என்று கூறும் பொருள் அவற்றுள் ஒன்று. எண்ணெய்ப்பசையை நீரிற் கரைய வைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. இரசாயன நூல் தோன்றுதற்குப் பன்னூற்றாண்டு முன்னரே அவ்வுண்மையை ஒரு பெண் தன் தொழிலால் அறிந்திருந்தாள். ஔவையார் அதனைக் கண்டு பாட்டில் வைத்தார்.

குறுந்தொகை 330ஆம் பாட்டில் கழார்க்கீரன் எயிற்றியார், பகன்றையின் வெண்பூவிற்கு உவமை தேடுகின்றார். புலைத்தி கஞ்சிப்பசை தோய்த்துக் கல்லிற் புடைத்துக் குளிர்ந்த குளத்து நீரில் இட்ட, முறுக்கு அவிழாத துணி அவருக்கு உவமையாகக் கிடைக்கின்றது. துறையில் நின்று பாராதார்க்கு இவ்வுவமை தோன்றாது. நற்றிணை 90ஆம் பாட்டிலோ, திருவிழா நிகழும் ஊரில் ஓய்வின்றி இரவிலும் துணியைக் கஞ்சியில் தோய்ப்பவளாகப் புலைத்தி காட்சியளிக்கின்றாள். ஊரார்க்கு விழா வந்தால் நமக்கு உறக்கமில்லை என்பது அன்று தொட்டு வந்த வழக்கம் போலும்.

நம் திண்டிவனத்திற்கும் இவ்வகையில் ஒரு தொடர்பு உண்டு. ஓய்மானாட்டு நல்லியக்கோடனை இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வரும் கிடங்கில் என்பது, இன்று திண்டிவனத்தைச் சேர்ந்துள்ள கிடங்கால் என்பர் அறிஞர். அந்நூலிற் கூறப்படும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தை ஒட்டிய கடற்கரை என்பர். அரசன் தன்னை நாடிவந்த பாணர்க்கு மாசற்ற மெல்லிய ஆடையை உடுக்கக் கொடுத்தான் என்று நூல் கூறுகின்றது. கொடுத்தவன் பெயரும் பாடியவர் பெயரும் நமக்குக் கிடைத்துள்ளன. அவ்வாடையை மாசற்றதாக்கியவர் யாவர் என்பதை நூல் கூறவில்லை. வரலாற்றில் நம் இடம் பெரும்பாலும் இத்தகையதே: ஆடையின் வெண்மை பேசப்படும், வெளுத்த கை பேசப்படாது.

வெள்ளாவியின் நுட்பம்

அக்கை செய்த வேலையை, யாம் எம் பாட்டியாரிடம் கண்டவாறு ஈண்டுக் கூறுவோம். அவர் திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூரில் ஏரித்துறையில் தொழில் செய்தவர்.

முதலாவது குறியிடல். சேங்கொட்டையை ஊசியாற் குத்தி, அதன் சாற்றால் ஒவ்வொரு வீட்டுத் துணியின் ஓரத்திலும் ஒவ்வொரு குறி இடுவர். ஒரு புள்ளி, இரு புள்ளி, ஒரு கோடு, கோட்டின்மேற் புள்ளி என்று குறிகள் வேறுபடும். அச்சாறு காற்றுப் பட்டுக் கருத்துவிட்டால் எத்துணை முறை வெளுப்பினும் போகாது. எழுத்தறியாத எம் பாட்டியார் ஊர் முழுதின் துணிகளையும் பிரித்துக் கொடுப்பதில் ஒருநாளும் பிழை செய்ததை யாம் கண்டதில்லை. எழுத்தறிந்து ஆசிரியத் தொழில் செய்யும் யாம் மாணாக்கர் ஏடுகளை மாற்றிக் கொடுத்துவிடுவதுண்டு.

இரண்டாவது உவர்மண். நம் மாவட்டத்தில் மரக்காணத்து உப்பளங்கள் பெயர் பெற்றவை. உப்புப் பூத்த நிலமெல்லாம் வெளுப்பதற்கு ஆகும் என்று எண்ணுதல் தவறு. கறியுப்புப் பூத்த மண் அழுக்கை எடுக்காது. காரம் பூத்த மண்ணே எடுக்கும். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் வெளுத்தே தோன்றும். பாட்டியார் ஒரு சிட்டிகை எடுத்து நாவில் வைத்துப் பார்த்து, "இது சோற்றுக்கு, இது துணிக்கு" என்று பிரித்துவிடுவார்.

மூன்றாவது வெள்ளாவி. உவர்மண் கரைத்துத் தெளிந்த நீரில் துணிகளைத் தோய்த்துப் பிழிவர். அடுப்பிற் பதித்த பெருஞ்சாலில் நீரை நிரப்பி, அதன் வாயைச் சுற்றித் துணிகளைச் சுருள்சுருளாக அடுக்கி மேலே மூடுவர். அழுக்கு மிக்கதும் பருமனானதும் கீழே, மெல்லியது மேலே என்பது அடுக்கும் முறை. இரவு முழுதும் அடுப்பெரியும். நீராவி அடுக்கினூடே ஏறும். காரமும் வெப்பமும் கூடித் துணியிலுள்ள எண்ணெய்ப்பசையைச் சவர்க்காரமாகவே மாற்றிவிடும். கடையிற் சோப்பு வாங்காமலே துணிக்குள் சோப்பு உண்டாகும் வழி இது. விடியலில் துறைக்கல்லில் அடித்து அலசும்போது அஃது அழுக்கையும் உடன்கொண்டு போகும்.

நான்காவது கஞ்சியும் நீலமும். கஞ்சி துணிக்கு விறைப்பைத் தருவதோடு நில்லாது, நூலின்மேல் ஒரு மெல்லிய போர்வையாய் அமையும்; அடுத்த முறை படியும் அழுக்கிற் பெரும்பகுதி அப்போர்வைமேற் படிந்து அதனோடு கழிந்துவிடும். நீலம் துணியின் மஞ்சளை மறைத்துக் கண்ணுக்கு வெண்மையைக் காட்டும். அவுரியினின்று எடுக்கும் நீலத்திற்குத் தென்னார்க்காடு ஒரு காலத்திற் பெயர் பெற்றிருந்தது. 1897ஆம் ஆண்டில் ஜெர்மனியில் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தபின் அப்பயிர் சுருங்கிற்று. ஆயினும் திண்டிவனம் பக்கத்தில் அவுரி இன்றும் பயிராகின்றது.

ஐந்தாவது உலர்த்தல். இரு கயிற்றை முறுக்கிக் கட்டி, முறுக்கின் இடையே துணியின் முனையைச் செருகிவிட்டால், எக்காற்றுக்கும் அது பறவாது. வெள்ளைத் துணியை ஈரம் சிறிது எஞ்சியிருக்கும்போதே வெயிலில் விரிப்பர். ஞாயிற்றின் ஒளியும் காற்றின் பிராணவாயுவும் ஈரத்துணியின்மேற் கூடி வேலை செய்தால்தான் வெண்மை ஏறும். நிறத்துணியையோ நிழலில் உலர்த்துவர். இவ்வேறுபாடு அறியாது எல்லாத் துணியையும் உச்சிவெயிலில் இட்டு, "சாயம் போய்விட்டது" என்று கடைக்காரனை நோகின்ற இல்லங்கள் இன்று பல.

இவற்றையெல்லாம் நம் நாட்டார் மட்டுமே செய்தனர் என்று பெருமை பேசுதல் ஆகாது. ஐரோப்பாவில் ஹாலந்து நாட்டார் துணியைக் காரநீரிலும் புளித்த மோரிலும் மாறிமாறித் தோய்த்துப் புல்வெளியில் விரித்து வெளுத்தனர். அதற்கு மாதக்கணக்கிற் காலம் சென்றது. 1774இல் ஷீலே என்பவர் குளோரின் வாயுவைக் கண்டறிந்தார். 1785ஆம் ஆண்டளவில் பெர்த்தொலே அதனைத் துணி வெளுக்கப் பயன்படுத்தினார். 1799இல் டெனன்ட் என்பவர் வெளுக்கும் தூளைச் செய்து உரிமை பெற்றார். குடிநீர்க் கிணற்றில் இன்று இடும் பிளீச்சிங் பவுடர் அதுவே. அங்கே அவ்வறிவைப் படித்தோர் கைக்கொண்டு இரசாயனத் தொழிலாக வளர்த்தனர். இங்கோ அவ்வறிவு பிறப்பொன்றனோடு கட்டப்பட்டு, இழிவென்று பெயர் சூட்டப்பட்டுத் துறையிலேயே நின்றுவிட்டது. அறிவு குறைந்தமையால் அன்று, அறிந்தாரை மதியாமையால் வந்த கேடு இது.

நாயனார் கண்ட கார்நாள்

நம் சங்கத்தார் யாவரும் ஆண்டுதோறும் நினைந்து வழிபடும் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் வரலாறு ஈரங்கொல்லி என்னும் பெயருக்கு உரையாகவே அமைந்துள்ளது. காஞ்சிபுரத்தில் ஏகாலியர் குலத்திற் பிறந்த அவரைச் சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் வைத்தார். 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் அவர் வரலாற்றை விரித்தார். குளிர்நாள் ஒன்றில் இறைவன் மெலிந்த அடியவராய் அழுக்கேறிய கந்தையோடு வருகின்றான். நாயனார் அதனை வெளுத்துத் தருவதாகக் கேட்கின்றார். பொழுது சாயுமுன் உலர்த்தித் தருதல் வேண்டும், இன்றேல் குளிரால் இவ்வுடம்பு வருந்தும் என்பது அடியவர் இட்ட கட்டளை. நாயனார் உடன்பட்டார், துணியைத் தோய்த்தார், வெள்ளாவியில் ஏற்றினார். அதன்பின் மழை பிடித்தது. மாலை வரை விடவில்லை. சொன்ன சொல் தவறியதே என்று துறைக்கல்லில் தலையை மோதப் புகுந்தார். அக்கல்லினின்றே இறைவன் கை எழுந்து தடுத்தது.

இவ்வரலாற்றை ஆழ்ந்து நோக்குவோர்க்கு ஓருண்மை விளங்கும். நாயனாருக்கு அழுக்கு நீக்குதலில் ஐயமே இல்லை. அவரை உயிர்விடும் எல்லைக்குக் கொண்டுசென்றது உலராத ஈரம். ஒருவனுக்கு மாற்றுடை இல்லாதபோது, ஈரம் உலர்தல் அவன் உயிர்க்காவல் ஆகின்றது. அதனை உணர்ந்தவரையே சேக்கிழார் தொண்டர் என்றார்.

கல்லுக்கு வரியும் கைக்குச் சோறும்

பழைய செப்பேடுகளில் வரிகளின் பெயர்களை அடுக்குமிடத்து வண்ணாரப்பாறை என்பதும் ஒன்றாக வருகின்றது. துவைக்கும் பாறைக்கு இறுத்த வரி அது என்பர். அரசுக்கு நம் கல்லிலிருந்து வருவாய் வந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஊரில் நமக்கு வந்த வருவாய் யாது? அறுவடையிற் களத்துமேட்டில் அளக்கும் நெல்லும், நாள்தோறும் மாலையில் வீடுவீடாகச் சென்று வாங்கும் சோறுமே. துணி இத்தனை, கூலி இத்தனை என்னும் கணக்கு இல்லை. பிள்ளைப்பேற்றுக்கும் பூப்புக்கும் மாற்றுத் துணி கொடுத்தல், விழாவில் நடைபாவாடை விரித்தல், தீவட்டி பிடித்தல், சாவு வீட்டுத் துணி எடுத்தல் ஆகிய யாவும் அச்சோற்றுக்குள் அடக்கம். செய்யமாட்டேன் என்று சொல்லும் உரிமை மட்டும் அதில் அடங்கவில்லை.

இதே தொழில் பணத்திற்குச் செய்யப்பட்ட இடத்தில் நிலை வேறாயிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1640இற் சென்னையிற் கோட்டை அமைத்துத் துணி வாணிகம் தொடங்கினர். 1690இல் நம் தென்னார்க்காட்டிலேயே கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை வாங்கினர். நெசவினின்று வந்த துணியை வெளுத்தபின்னரே கப்பலில் ஏற்றவியலும். ஆகவே வெளுப்போர் இன்றி அவ்வாணிகம் நடவாது. சென்னையில் அவர்கள் குடியிருந்த பகுதி வண்ணாரப்பேட்டை என்று இன்றும் வழங்குகின்றது. சிங்கப்பூரில் இந்தியச் சலவையாளர் தொழில் செய்த இடத்தின் பெயர் டோபி காட் என்று அந்நகர் ரயில் நிலையத்துக்கு இன்றும் நிற்கின்றது. தொழில் ஒன்றே. கூலி பேசிய இடத்தில் அஃது ஊருக்குப் பெயராயிற்று. கூலி பேசாத இடத்தில் ஆளுக்கு இழிவாயிற்று.

துறையினின்று இல்லத்திற்கு

இத்தொழில் எங்ஙனம் இல்லத்திற்கு வந்தது? 1888ஆம் ஆண்டில் லீவர் கம்பெனியாரின் சன்லைட் சவர்க்காரம் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கிற்று. அதன்பின் சவர்க்காரக் கட்டி மெல்லமெல்லச் சிற்றூர்க் கடைகட்கும் வந்தது. உவர்மண்ணைத் தேடி அறியும் அறிவு வேண்டாதாயிற்று. 1959இல் சர்ப் என்னும் சலவைத்தூள் இந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. 1969இல் அகமதாபாத்தில் நிர்மா என்னும் மலிவான தூள் பிறந்தது. எளியார் வீட்டிற்கும் அது புகுந்தது. 1983இல் திருச்சூரினின்று உஜாலா என்னும் நீர்நீலம் புறப்பட்டது. பாலியெஸ்டர் கலந்த துணியோ வெள்ளாவியையே வேண்டாததாக்கிற்று. அதற்கு ஆவி ஆகாது. பிழிந்து கொடியிலிட்டால் விரைவில் உலர்ந்துவிடும். குழாய்நீரும் மின்சாரமும் வந்தபின் துறைக்குச் செல்லும் தேவையே நீங்கிற்று.

தன் துணியைத் தானே வெளுத்தல் இழிவன்று என்று இந்நாட்டிற்குக் காட்டினோருள் காந்தியடிகள் ஒருவர். தென்னாப்பிரிக்காவில் வழக்குரைஞராய் இருந்த காலத்தில், சலவைச் செலவு மிகுதலையும் துணி காலத்தில் வாராமையையும் கண்டு, வெளுத்தலைப் பற்றிய நூலொன்றை வாங்கிப் படித்துத் தாமே வெளுக்கத் தொடங்கினார் என்று தம் சத்திய சோதனையில் எழுதியுள்ளார். முதன்முதல் அவர் கஞ்சியிட்ட கழுத்துப்பட்டையில் கஞ்சி மிகுந்துவிட்டது. பெட்டியின் சூடும் போதவில்லை. நீதிமன்றத்தில் அக்கஞ்சி உதிர, உடன் வழக்காடுவோர் நகைத்தனர். அவரோ நாணவில்லை. இந்நிகழ்ச்சியில் நமக்குப் புலனாவன இரண்டு. வெளுத்தல் எவர்க்கும் இழிவன்று என்பது ஒன்று; நூலைப் படித்த வழக்குரைஞர்க்கும் கஞ்சியின் பதம் முதல்நாளில் வாராது என்பது மற்றொன்று.

தொழில் இல்லத்திற்கு வந்ததால் நம் குடும்பங்கள் பட்ட இடர் சிறிதன்று. களத்து நெல் நின்றது. மாலைச் சோறு நின்றது. அவற்றிற்கு ஈடாகப் பிறிதொன்று கிடைக்கவில்லை. சிலர் தள்ளுவண்டியில் இஸ்திரிப் பெட்டியோடு நகரத் தெருக்களுக்கு வந்தனர். சிலர் கூலிவேலைக்குச் சென்றனர். பிள்ளைகளைப் படிக்க வைத்தோர் பிழைத்தனர். 1989இல் தமிழ்நாட்டரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என ஒரு பிரிவை வகுத்து நம்மையும் அதிற் சேர்த்தது படித்தோர்க்குத் துணையாயிற்று. யாம் இன்று கரும்பலகை முன் நிற்பதும் அவ்வழியே. ஆயினும் மாலைச் சோற்றுக்கு ஏனம் ஏந்தி நிற்றல் ஒழிந்தமைக்கு யாம் ஒருநாளும் வருந்தியதில்லை. ஒழிந்தது கட்டு; ஒழியாது காக்க வேண்டியது அறிவு.

மற்றொன்றும் கூறவேண்டும். ஊராரின் அழுக்குத் துணி ஒரு குலத்தின் தலைமேல் இருந்தது நீங்கிற்று. ஆனால் அஃது எல்லார் தோளிலும் ஒப்பப் பகிரப்பட்டதா என்றால், இல்லை. இல்லத்துப் பெண்டிர் தலைமேல் ஏறிற்று. பொறி உள்ள வீட்டிலும் துணியைப் பிரித்தல், கொடியில் இடல், மழை வருமுன் ஓடி எடுத்தல், மடித்து வைத்தல் ஆகியன பெரும்பாலும் அவர் கடனே. பிறப்பால் ஒருவர்மேல் வேலையைச் சுமத்துதல் எத்தகையதென்று நம்மினும் நன்கறிந்தார் இலர். நம் இல்லத்திலேனும் ஆண்மக்கள் தம் துணியைத் தாமே வெளுத்து உலர்த்துவாராக.

நாம் நாண வேண்டுவது

இனி, தொடக்கத்திற் கூறிய பிறிதொன்றிற்கு வருவோம். நமக்குள்ளேயே நம்மாற் கீழென்று தள்ளி வைக்கப்பட்டோர் உளர். ஆதிதிராவிட மக்களுக்கு வெளுத்துவந்த புதிரை வண்ணாரே அவர். நாம் ஊர்த்துறையில் வெளுத்தோம். அவர்கள் சேரிக்கு வெளுத்தனர். உவர் ஒன்று, கல் ஒன்று, நாயனார் ஒருவரே. ஆயினும் கொள்வினை கொடுப்பினை இல்லை, உடனிருந்து உண்ணல் இல்லை, துறையும் வேறு.

திருநெல்வேலிப் பக்கத்தில் புரத வண்ணார் எனப்பட்ட அவர்கள் பகலிற் கண்ணிற் படுதலே தீட்டென்று விதிக்கப்பட்டு, நள்ளிரவிற்கும் விடியலுக்கும் இடையே வெளுத்து வாழ்ந்தனர் என்னும் செய்தி 1932ஆம் ஆண்டில் இந்து நாளிதழில் வந்தது. 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பை நடத்திய ஹட்டன் அதனைத் தம் நூலில் எடுத்துக்காட்டினார். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. எனினும் 1994இல் இமையம் எழுதிய கோவேறு கழுதைகள் என்னும் புதினத்தைப் படிப்போர், நம் பக்கத்துச் சிற்றூர்களில் அவ்வாழ்க்கை அதன்பின்னும் எங்ஙனம் நீண்டது என்பதை அறிவர். 2009இல் அரசு அவர்க்கெனத் தனி நலவாரியம் அமைத்தது. அவர்கள் பட்டியல் சாதியினராக எண்ணப்படுவோர். ஆயினும் அதற்குரிய சாதிச்சான்று பெறுதற்கே அலுவலகம் அலுவலகமாக அலைகின்றனர்.

யாம் நேரிற் கண்ட ஒன்றைக் கூறி முடிப்போம். 1980களின் இறுதியில், யாம் சிறுவராய் இருந்தபோது, ஒரு கார்த்திகை மழைநாளில் எம் பாட்டியாரோடு ஏரித்துறையில் இருந்தோம். மழை ஓயவில்லை. வெள்ளாவி அடுப்பின்மேல் இருந்த கொட்டகையில் கயிறு கட்டி எம் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தோம். கலங்கல் பக்கத்தில் துவைக்கும் புதிரை வண்ணார் கிழவி ஒருத்தி ஈர மூட்டையோடு வந்து, கொட்டகைக்கு வெளியே மழையிலேயே நின்றாள். "பெரியாத்தா, பிள்ளை பெற்ற வீட்டுத் துணி. மாற்று இல்லை. ஒரு ஓரத்துக் கயிற்றில் இட்டுக்கொள்ளட்டுமா?" என்று கேட்டாள். எம் பாட்டியார், "எங்க துணியோட அதைப் போட்டா ஊர்ல யார் கட்டுவாங்க? போடீ அந்தப் பக்கம்" என்றார். கயிற்றின் மறுமுனை எம் கையில் இருந்தது. கிழவி மூட்டையை எடுத்துக்கொண்டு மழையில் நடந்தாள்.

அன்றிரவும் பாட்டியார் எமக்கு நாயனார் கதையைச் சொன்னார். அவர் கொடியவர் அல்லர். ஊராரின் மாலைச் சோறு நின்றுவிடுமே என்னும் அச்சமே அவரை அவ்வாறு பேச வைத்தது. தம்மை ஊரார் நிறுத்திய இடத்தில் அவர் பிறிதொருத்தியை நிறுத்தினார். அவ்வளவே. ஆயினும் குளிர்நாளில், ஈரத்துணியோடு, மாற்றின்றி வந்து நின்றவர் யார் என்பதை நாயனார் கதையை நாள்தோறும் சொன்ன அவரும் அறியவில்லை, கேட்ட யாமும் அறியவில்லை. அறிதற்கு எமக்கு முப்பது ஆண்டு சென்றது.

இன்று அவ்வச்சத்திற்கு இடமே இல்லை. ஊராரின் சோற்றை நாம் எதிர்பார்த்து நிற்கவில்லை. எல்லாச் சாதியாரும் தம் அழுக்கைத் தம் இல்லத்திலேயே வெளுக்கின்றனர். அதனால் எவர்க்கும் இழிவு வந்ததாக அவர் எண்ணவில்லை. ஆகலின் பிறர் அழுக்கைத் தொட்டதால் நமக்கு இழிவென்று அவர் கூறியது பொய்யாயிற்று. அது பொய்யாயின், புதிரை வண்ணார் நம்மினும் கீழென்று நாம் கூறியதும் பொய்யே. ஒன்றைப் பொய்யென்று தள்ளி மற்றொன்றை மெய்யென்று வைத்துக்கொள்ளுதல் நேர்மையாகாது.

எனவே நம் சங்கத்தார்க்கு எம் வேண்டுகோள் இரண்டு. வெள்ளாவி, உவர்மண், சேங்கொட்டைக் குறி ஆகியவற்றை அறிந்த முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உளர். அவர் வாய்மொழியை இளைஞர் இப்பொழுதே கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். இரண்டாவது, நாயனார் வழிபாட்டு நாளில் விழுப்புரம், திண்டிவனம் வட்டங்களில் வாழும் புதிரை வண்ணார் குடும்பங்களை நாமே சென்று அழைத்துவந்து, ஒரே பந்தியில் அமர்த்துதல் வேண்டும். அவர் சான்றுக்காக அலைய நேரும்போது, எழுத்தறிந்த நம்மவர் உடன் செல்லுதல் வேண்டும். அவ்வாறு செய்தபின்னரே ஈரங்கொல்லியர் என்னும் பழம்பெயர்க்கு நாம் உரியவராவோம்.